தேற்றாங்கொட்டையும் சுண்ணாம்புப் பசையும்

பாறசாலைப் பக்கத்துக் கிராமத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மழை பெய்தால் எங்கள் குளத்து நீர் கலங்கிவிடும். அம்மா பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து அதில் நீரை ஊற்றி வைப்பார். சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்து நீர் தெளியும். அதே அம்மா பண்டிகைக்குச் சுவர் வெள்ளையடிக்கும்போது, கரைத்த சுண்ணாம்பில் வடித்த கஞ்சியை ஊற்றுவார். இங்கே சுண்ணாம்பு படியக்கூடாது. கொட்டையும் தாவரப் பொருள், கஞ்சியும் தாவரப் பொருள். ஒன்று தெளிய வைக்கிறது, மற்றது கலங்கியே வைக்கிறது. இது எப்படி?

நீரில் கலந்த களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளி, நெடுநேரம் மிதக்கின்றன. நெய்யாறு பூவாரில் கடலைச் சேரும்போது உப்பு நீர் இந்தத் தள்ளுதலைக் குறைத்துவிடுகிறது. துகள்கள் கட்டியாகச் சேர்ந்து முகத்துவாரத்தில் படிகின்றன.

இனி பசைக்கு வருவோம். கஞ்சியின் மாவுப்பொருள், மரப்பிசின், எலும்பும் தோலும் காய்ச்சிய வஜ்ஜிரம் ஆகியவை எல்லாம் நூல் போன்ற நீண்ட மூலக்கூறுகள். அளவு குறைந்தால் ஒரே நூல் இரண்டு மூன்று துகள்களைப் பிடித்துக் கட்டிவிடும். தேற்றாங்கொட்டை செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான். போதிய அளவு இருந்தால் ஒவ்வொரு துகளும் நூல்களால் போர்த்தப்பட்டு, மற்றத் துகளை அருகில் விடாது. நீரும் சற்றுக் கெட்டியாவதால் படிவது தாமதமாகும். காய்ந்த பின் அதே பசை துகளைச் சுவரோடு பிடித்து வைக்கும்.

இந்தப் பாடம் எனக்கு டிப்ளமா வகுப்பில் கிடைக்கவில்லை. ரயில்வேயில் சேர்ந்த புதிதில், ஒரு சிறு நிலையத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை என் மேற்பார்வையில் நடந்தது. மத்தியப் பொதுப்பணித்துறை விதிப்படி, ஒரு கன மீட்டர் சுண்ணாம்புக் குழம்புக்கு 4 கிலோ பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயருக்குக் கொஞ்சம் போட்டார். நான் அளந்து பாராமல் கையொப்பமிட்டேன். வாளியில் சுண்ணாம்பு அடியில் தங்கியது, மேலே வெறும் நீர். மறுவாரம் ரயிலுக்குக் காத்திருந்த கல்யாணக் கூட்டம் சுவரில் சாய்ந்தது. பட்டுப்புடவைகளெல்லாம் வெள்ளை! அவர்கள் ஏசியதைக் கேட்டு நின்றேன். வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார்: "பசை இல்லாத சுண்ணாம்பு சட்டையிலதான் ஒட்டும், மக்களே."

1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அங்குள்ள அரண்மனையைக் கேரள அரசே பராமரிக்கிறது. அதன் கண்ணாடி போன்ற கருந்தரை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு, தாவரச் சாறு இவற்றால் ஆனதென்று சொல்வார்கள்.

இன்றைய பீங்கான் தொழிலும் அந்தச் சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவின் ஓக்ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், பீங்கான் குழம்பை அச்சில் ஊற்றி உறைய வைக்கும் முறையொன்றை உருவாக்கினார்கள். அதில் முதலில் பயன்பட்ட அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. அதனால் மாற்றுப் பொருள் தேடியவர்கள் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், ஜெலட்டின், வெள்ளைக்கரு, மாவு ஆகியவற்றைச் சோதித்தார்கள். அகர் ஆறினால் உறையும், வெள்ளைக்கரு சூடேறினால் உறையும். சூளையில் இரண்டும் எரிந்துபோய்ப் பீங்கான் மட்டும் மிஞ்சும்.

ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு உள்ளவர்கள், விடுமுறைக்குப் போகும்போது வெள்ளையடிக்க வருபவரிடம் பிசின் எவ்வளவு என்று கேளுங்கள். காய்ந்தபின் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கை வெளுக்காவிட்டால் கூலியை மனமாரக் கொடுங்கள். அந்தச் சோதனையை அன்று நான் செய்திருந்தால், அந்தக் கல்யாண வீட்டார் என்னை ஏசியிருக்க மாட்டார்கள்.