வண்டிக்கு ஏற்ற எண்ணெய் எது?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தொடர்ந்து ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றே எண்ணியிருந்தோம். அவள் திரும்பி வந்த பின்னர்தான் உண்மைக் காரணம் தெரிந்தது. பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து விடியற்காலையில் பால் கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு தருமபுரிக்கு வருபவர் அவள் தந்தை. ஒரு நாள் பாதி வழியில் வண்டி 'கிறீச்' என்று ஒலியெழுப்பி நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தார், பெடல் அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு எஞ்சின் இறுகிவிட்டிருந்தது. போர் எடுத்துப் புதுப் பிஸ்டன் போட்டு வண்டி கைக்கு வரும்வரை, பேருந்தில் கேன்களை ஏற்றி இறக்கத் தந்தைக்குத் துணையாக இவள் போயிருக்கிறாள். தேர்வுக் கட்டணத்துக்கென எடுத்து வைத்த பணம் பட்டறைக்குப் போயிற்று. இத்தனைக்கும் காரணம், பெட்ரோலில் சேர்க்க வேண்டிய எண்ணெயைச் சில நாள் குறைத்து ஊற்றியதும், உதிரியாக விற்ற ஏதோ ஓர் எண்ணெயை வாங்கியதுமே.

இதைக் கேட்டபின் எங்களுக்கு ஆவல் பிறந்தது. உராய்வுப் பாடம் நடந்த வாரமே எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களில் அறுவரைப் பள்ளிக்கு அருகிலுள்ள இருசக்கர வண்டிப் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கேட்டறிந்ததையும் பின்னர் நூல்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். வீட்டில் வண்டி ஓட்டுபவர் அப்பாவோ அண்ணனோ மட்டுமல்லர். இன்று அம்மாவும் ஓட்டுகிறார், நாளை நாமும் ஓட்டப் போகிறோம் அல்லவா?

இரும்பும் இரும்பும் உரசினால் தேயும், சூடேறும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டியின் அச்சுக்கு 'வண்டி மை' இடுவதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த விளக்கெண்ணெய்க்கு வேறொரு பெருமையும் உண்டு. நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் நிலக்கடலைக்கு நடுவே நிற்கும் ஆமணக்கின் எண்ணெய்தான், முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் எஞ்சின்களுக்கு மசகாக ஊற்றப்பட்டது. ஆமணக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. கடும் வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றி நிற்கும். 1899-இல் வேக்ஃபீல்ட் என்பவர் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் 1909-இல் தன் எண்ணெயில் இதைச் சேர்த்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவிக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு விளக்கெண்ணெயை வண்டியில் ஊற்றிவிட வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி உறுப்புகளில் அப்பிக்கொள்ளும். அதனால்தான் அன்றாட வண்டிகளில் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய்களே நிலைத்தன.

எண்ணெய் வாங்கும் முன் தெரிய வேண்டிய முதற் செய்தி, நம் வண்டி டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்பது. இரண்டுக்கும் எண்ணெய் போய்ச் சேரும் வழியே வேறு.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தேக்கம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை வழியாகவே மேலே செல்கிறது. அக்கலவையோடு வரும் சிறிதளவு எண்ணெய் போகிற போக்கில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாக வெளியேறுகிறது. ஆகவே இந்த எண்ணெய் சாம்பல் மிகாமல் எரிய வேண்டும். அதற்கெனவே தயாரிக்கப்படுவது 'டூ-டி' எண்ணெய். அதற்குப் பதில் ஃபோர்-ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும்.

1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட் இவ்வகையைச் சேர்ந்தது. அப்போது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனோடு போயிற்று. இரண்டு பேர் அமரத்தக்க அந்தச் சின்ன வண்டியும் அதன் பின்வந்த தங்கைகளும் தக்காளிக் கூடை, பால் கேன், தண்ணீர்க் குடம், ஆட்டுக்குட்டி என்று எதைத்தான் சுமக்கவில்லை! பழைய வண்டிகள் இன்னும் நம் கிராமச் சாலைகளில் ஓடுகின்றன. இவற்றுக்குப் பெரும்பாலும் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. மனையியல் படிக்கும் தோழியர் உடனே கணக்கிட்டிருப்பர்: 5 மில்லி தேக்கரண்டியால் நான்கு கரண்டி. அரை லிட்டர் போட்டால் இரண்டு கரண்டி. நம் தோழியின் தந்தை தவறியது இங்கேதான். கையில் காசில்லாத நாள்களில் அரை லிட்டர் பெட்ரோல் போடுவார். எண்ணெயைக் கண்ணளவாகச் சிறிது ஊற்றுவார். இப்போது இருமல் மருந்துப் புட்டியோடு வந்த அளவு மூடி ஒன்றை வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறாராம்.

'குறைந்தால்தானே கெடுதல், கூட ஊற்றினால் நல்லதுதானே' என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். பட்டறைக்காரர் சிரித்தார். "சாம்பார்ல உப்பு மாதிரிதாம்மா. கூடப் போட்டா பிளக்கு நனைஞ்சு வண்டி கிளம்பாது, ஊரெல்லாம் புகை" என்றார். அந்தப் புகையால் பெருநகரங்கள் பட்ட பாடு சிறிதன்று. தில்லியில் 1998-இல் உதிரி டூ-டி எண்ணெய் விற்பதையே நிறுத்தி, பங்க்கில் இயந்திரத்தாலேயே அளந்து கலந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர்.

எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். கியர் உள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில் வருபவர் பெட்ரோலை மிச்சப்படுத்த ஆக்ஸிலரேட்டரை முழுதும் மூடிவிட்டு, கியரிலேயே நீண்ட தூரம் இறங்குகிறார். எஞ்சினோ சக்கரத்தால் இழுக்கப்பட்டு வேகமாகச் சுழல்கிறது. ஆனால் பெட்ரோல் வரவில்லை, அதனோடு வரவேண்டிய எண்ணெயும் வரவில்லை! ஏற்றத்தில் கெடாத வண்டி இறக்கத்தில் கெடுவது இப்படித்தான். இடையிடையே சிறிது ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இறங்க வேண்டும். 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்பும் உண்டு. கலக்கும் வேலை இல்லை. ஆனால் அத்தொட்டி காலியாவதை மறந்துவிட்டால் கதி அதே கதிதான்.

இனி ஃபோர்-ஸ்ட்ரோக். 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகு இவ்வகை மெல்ல மெல்லப் பெருகி, இன்று விற்பனையாகும் புதிய பெட்ரோல் வண்டிகள் அநேகமாக எல்லாமே ஃபோர்-ஸ்ட்ரோக்தான். ஓசூர் மொபெட்டும் 2015-இல் எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிற்று. இதில் எண்ணெய் எரிவதில்லை; எஞ்சினுக்கு அடியில் ஒரு லிட்டர் அளவில் தேங்கி, சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்கிறது. பெட்ரோலில் எண்ணெய் கலக்கவே கூடாது. மொபெட் மாற்றியவர்கள் பழக்க தோஷத்தால் புது வண்டியின் பெட்ரோல் தொட்டியிலும் ஊற்றிவிடுவதாகப் பட்டறைக்காரர் சொன்னார்.

கடைக்குப் போனால் டப்பாவில் '20 டபிள்யூ 40', '10 டபிள்யூ 30' என்று அச்சிட்டிருக்கும். இதைப் பெரியவர்களும் பலவாறாகச் சொல்லக் கேட்டோம்; 20 டிகிரி முதல் 40 டிகிரி வெயில் வரை என்று கூட ஒருவர் விளக்கினார். அப்படியன்று. இவை எண்ணெயின் குழைவைக் காட்டும் தர எண்கள். அமெரிக்காவில் 1905-இல் தொடங்கிய மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்தவை. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே டப்பாவில் எஸ்.ஏ.இ. என்று காண்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரில் எண்ணெய் விரைந்து ஓடும். பின்னுள்ள எண், 100 டிகிரி வெப்பத்தில் அது எவ்வளவு கனமாய் நிற்கிறது என்பதைச் சொல்லும். 40 என்பது 30-ஐவிடக் கனம்.

குளிருக்கான சோதனையோ 20 டபிள்யூவுக்குச் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியிலும், 10 டபிள்யூவுக்குக் கீழே 25 டிகிரியிலும் நடக்கிறது. ஓசூர்க் குளிரை நாம் பெரிதாகப் பேசுகிறோமே, எந்தத் தை மாதத்திலும் அதன் அருகில்கூட நாம் போவதில்லை! அப்படியானால் 10 டபிள்யூ நமக்கு எதற்கு? காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் எண்ணெய் விரைவாக எல்லா இடத்துக்கும் எட்டும். மெலிந்த எண்ணெயைக் கடைவதில் எஞ்சினுக்குச் சக்தி வீணாவதும் குறையும். புதிய எஞ்சின்களின் இடைவெளிகளை அதற்கேற்ப நுட்பமாக அமைத்திருக்கிறார்கள். 'நம் ஊர் வெயிலுக்குக் கனமான எண்ணெய்தான் தாங்கும்' என்று சொல்லி, கையேடு 10 டபிள்யூ 30 கேட்கும் வண்டிக்கு 20 டபிள்யூ 50 ஊற்றுவது நன்மையன்று. பழைய வண்டிக்கு 20 டபிள்யூ 40 என்று கையேடு சொன்னால் அதை மெலிதாக்குவதும் அப்படியே. தொப்பூர்க் கணவாயில் இருவரோடும் மூட்டையோடும் ஏறுகிறவர் தர எண்ணை மாற்றத் தேவையில்லை. எண்ணெயைச் சற்று முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்பது எங்கள் கருத்து.

தர எண் பொருந்தினால் போதுமா? போதாது. எங்கள் பயணத்தில் கற்ற மிக முக்கியமான பாடம் இதுவே. கார் எஞ்சினின் எண்ணெய் எஞ்சினை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலோ பெரும்பாலும் ஒரே எண்ணெய் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றையும் பார்க்கிறது. கிளட்ச் என்பது ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும் தட்டுகளின் அடுக்கு. அது எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. பிஸ்டன் வழுக்க வேண்டும், கிளட்ச்சோ வழுக்கவே கூடாது! கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வை மேலும் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால், "எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் பிளேட்டு போச்சுன்னு நெனச்சு வருவாங்க" என்றார் பட்டறைக்காரர். இந்தத் தொல்லைக்காகவே ஜப்பானியர் 1998-இல் 'ஜாஸோ' என்ற தர முத்திரையை ஏற்படுத்தினர். அதில் எம்.ஏ. என்றிருந்தால் எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது, எம்.ஏ. 2 இன்னும் நன்றாகப் பற்றும். எம்.பி. என்றிருந்தால் வழுக்கல் மிகுந்தது.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் எண்ணெய்க்கு வெளியே உலர்ந்து இருப்பதால் அவற்றுக்கு எம்.பி. பொருந்தும், பல நிறுவனங்கள் 10 டபிள்யூ 30 எம்.பி. எண்ணெயைச் சொல்கின்றன. அவசரத்துக்கு ஸ்கூட்டரில் எம்.ஏ. எண்ணெய் ஊற்றினால் கெட்டுவிடாது; மோட்டார் சைக்கிளில் எம்.பி. ஊற்றுவதுதான் தவறு. நம் மடத்து ஸ்கூட்டரில் கிராமங்களுக்குச் சென்றுவரும் சகோதரியருக்கு ஒரு சிறு குறிப்பு: பின்சக்கரத்தருகே உள்ள பல்சக்கரப் பெட்டிக்குத் தனியாகச் சிறிதளவு கியர் எண்ணெய் உண்டு. அது கண்ணில் படுவதில்லையாதலால் ஆண்டுக்கணக்கில் மறந்துபோகும். அதுபோல் 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் புல்லட்டின் பழைய வகைகளிலும் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் எண்ணெய் வெவ்வேறு.

மினரல், செமி-சிந்தெடிக், சிந்தெடிக் என்ற வகைகளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். சிந்தெடிக் வெப்பத்தை நெடுநாள் தாங்கும், விலையும் அதிகம். 100 சி.சி. வண்டியில் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர், கையேட்டில் சொன்ன தர எண்ணும் முத்திரையும் உள்ள மினரல் எண்ணெயைக் கிலோமீட்டர் கணக்குப்படி மாற்றி வந்தால் போதும். விலையுயர்ந்ததை ஊற்றிவிட்டு ஓராண்டு மறந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். புது வண்டியானால் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்றச் சொல்வார்கள். உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது தேய்ந்த நுண்ணிய இரும்புத்துகள் அதில் இருக்கும். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று உடனே பதற வேண்டாம். கரியைத் தன்னுள் கழுவி எடுத்து வைத்துக்கொள்வது அதன் வேலையே. நிறத்தைவிட அளவைப் பார்ப்பது அவசரம். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் கீழிறங்கியபின் அளவுகோலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அளவுகோலைத் திருகிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்.

கழித்த எண்ணெயைப் பட்டறையின் பின்புறத்தில் தரையில் ஊற்றுவதை முன்பெல்லாம் பார்த்திருக்கிறோம். மண்ணில் ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும். நம் மாவட்டத்தில் நல்ல குடிநீருக்கு இருக்கும் பஞ்சம் போதாதா? அதைச் சட்டமும் ஆபத்தான கழிவாகவே கருதுகிறது. வீட்டில் மாற்றுபவர் பழைய கேனில் பிடித்து, கழிவெண்ணெய் சேகரிப்பவருக்குக் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடலாம். காலி டப்பாவை மட்டும் முழுதாக எறியக் கூடாதாம். அதைப் பொறுக்கி, போலி எண்ணெய் நிரப்பி, மீண்டும் மூடி விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கண்ணெதிரே பட்டறைச் சிறுவர் ஒருவர் டப்பாவின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு குத்துக் குத்திவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.