சந்தை நடுவே ஒரு கலாசாலை



பல்கலைக்கழகம் என்றவுடன் பரந்த நிலமும் உயர்ந்த மதிலும் வாயிற்காவலரும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குச் செல்வோர் அத்தகைய வளாகத்தைத் தேடினால், கரவிய்யீனைக் கண்டுகொள்ளாமலேயே கடந்துவிடக்கூடும். மோட்டார் வாகனம் நுழைய இயலாத, கழுதைகளே சுமை தூக்கும் பழைய நகரின் சந்துகளுக்கிடையில், கடைகளோடு சுவர் ஒட்டி அது நிற்கிறது. கதவொன்று திறந்திருக்கும்போதுதான் உள்ளிருக்கும் அகன்ற முற்றம் கண்ணில் படும்.

ஹிஜ்ரி 245 (கி.பி. 859) இல் இப்பள்ளிவாசலுக்கு அடிகோலியவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா என்னும் பெண்மணி. கைரவான் நகரிலிருந்து குடிபெயர்ந்த வணிகர் ஒருவரின் மகளான அவர், தமக்கு வாரிசுரிமையாகக் கிடைத்த செல்வத்தை இதற்கெனச் செலவிட்டார் என்பது வழிவழியாகக் கூறப்படும் வரலாறு. இதை எழுதி வைத்த இப்னு அபீ ஸர்உ 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இடைவெளி நான்கரை நூற்றாண்டுகளுக்கும் மேல் என்பதால் ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்புவதும் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் பெயரைப் பெருமையுடன் சொல்லிவந்த அக்கலாசாலையில் மாணவியர் சேர்க்கப்பட்டது 1940களில்தான் என்பதை நம் இல்லங்களில் பெண் மக்களைப் படிக்க வைப்பது பற்றிப் பேசும்போது மறந்துவிட வேண்டாம்.

சந்தை அருகில் இருப்பது கல்விக்கு இடையூறு அன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையில் சந்தையே அதற்குச் சோறிட்டது. கடைகளும் குளியலகங்களும் வக்ஃபாக விடப்பட்டு, அவற்றின் வாடகையில் ஆசிரியர் ஊதியம் பெற்றனர். மாணவர் தங்கிப் படித்தனர். நறுமணப் பொருள் வணிகர் தெருவை ஒட்டி 1325இல் கட்டி முடிக்கப்பட்ட அத்தாரீன் மதரஸாவின் மாடியில், அம்மாணவரின் சின்னஞ்சிறு அறைகளை இன்றும் காணலாம். கீழே முற்றத்தின் சுவர்களில் கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு. மேலே பாய் விரிக்க மட்டுமே போதுமான இடம்!

1963இல் கரவிய்யீன் அரசுப் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டு, வகுப்புகள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன. எனவே இன்று பள்ளிவாசலில் காண்பது பெரும்பாலும் தொழுகையாளிகளையே. முஸ்லிமல்லாதோர் வாயிலில் நின்றே பார்க்க வேண்டும்.

நூலகத்தின் வாயிலோ, செம்புப் பாத்திரங்களைத் தட்டும் ஓசை ஓயாத ஸஃப்ஃபாரீன் சதுக்கத்தை ஒட்டியுள்ளது. சுல்தான் அபூ இனான் 1349இல் நிறுவிய இந்நூலகம், ஈரத்தால் சிதைவுற்று, பெண் கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவ்னியின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டது. பேரறிஞர் இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலின் பிரதியை 1396இல் இங்கு வக்ஃபாக அளித்தபோது விதித்த நிபந்தனை கவனிக்கத்தக்கது: நம்பகமானவருக்கு, ஈடு பெற்றுக்கொண்டு, இரண்டு மாதங்களுக்கு மிகாமல் மட்டுமே இரவல் தரலாம். படிக்கவோ பிரதி எடுக்கவோ அக்காலம் போதும் என்பது அவர்தம் கணக்கு.