கிதார் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிதார் ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. "1966-ல் செய்தது, உள்ளே எண்ணே போட்டிருக்கிறது" என்று விற்பவர் அடித்துச் சொல்கிறாராம். இந்த வகை கிதார்களில் ஓரிரு ஆண்டு வித்தியாசம்கூட விலையைப் பெரிதும் மாற்றிவிடும். "உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். கிதாரில் ஆறு தந்திகள் உண்டு என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எண்களைப் படிப்பது நமக்குப் பழக்கமான வேலைதானே!

முதலில் சீரியல் எண்ணைப் பார்த்தேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தொடங்கிய நிறுவனம் இது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. 1965-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதன் பிறகு 1976 வரை வந்த கிதார்களின் பின்பக்கத்தில், கழுத்தை உடலோடு இணைக்கும் தகட்டில், பெரிய 'எஃப்' எழுத்தும் எண்ணும் இருக்கும். 1976-க்குப் பிறகு எண் கிதாரின் தலைப்பகுதிக்குப் போய்விட்டது. அங்கே முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும். எழுபதுகளுக்கு 'எஸ்', எண்பதுகளுக்கு 'இ', தொண்ணூறுகளுக்கு 'என்', 2000-க்குப் பின் 'இசட்'. அடுத்த இலக்கம் ஆண்டு. 'எஸ்8' என்றால் 1978.

இத்தனை சுலபமா என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 'என்9' என்று பார்த்தால் 1999 என்றுதானே சொல்வோம்? 1990-ல் செய்த சில கிதார்களிலும் 'என்9' என்றே ஒட்டிவிட்டார்கள். பழைய தகடுகளின் கதை இன்னும் மோசம். தொழிற்சாலையில் பெட்டியில் கொட்டிக் கிடந்த தகடுகளைக் கைக்கு வந்தபடி எடுத்துப் பொருத்தினார்கள். எனவே சீரியல் எண் தோராயமாகத்தான் ஆண்டைச் சொல்லும் என்று ஃபெண்டர் நிறுவனமே சொல்கிறது. நண்பர் கொண்டுவந்த எண் 2 லட்சத்து 10 ஆயிரத்தையொட்டி இருந்தது. அது 1967-68 காலத்து எண். விற்பவர் சொல்லும் ஆண்டோடு இங்கேயே இடிக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது கிப்சன் என்றால் எக்ஸெல் உதவும். 1977 முதல் 2005 வரை பெரும்பாலான கிப்சன் கிதார்களில் எட்டு இலக்க எண் உண்டு. முதல் இலக்கத்தையும் ஐந்தாம் இலக்கத்தையும் சேர்த்தால் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். 90452378 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 9, 2 சேர்ந்து 1992. நாள் 045. எக்ஸெலில் ஒரு செல்லில் 1992 ஜனவரி 1-ஐத் தேதியாக டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில் அதனுடன் 44-ஐக் கூட்டச் சொல்லுங்கள். (ஜனவரி 1-தான் முதல் நாள் என்பதால் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.) பிப்ரவரி 14 என்று விடை வரும். 1994-ல் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அந்த ஆண்டு கிப்சன் 94 என்று தொடங்கும் வேறு வரிசையைப் பயன்படுத்தியது.

நம் ஃபெண்டருக்கு வருவோம். அடுத்த சாட்சி கழுத்தின் அடிப்பகுதி. தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளைக் கழற்றினால் உடலோடு பொருந்தும் மரமுனை தெரியும். 1962 வரை அங்கே பென்சிலால் தேதி எழுதினார்கள். பிறகு 1973 வரை ரப்பர் ஸ்டாம்பு. அதில் எண், மாதம், ஆண்டு, கடைசியில் ஓர் எழுத்து என்று இருக்கும். முதலில் உள்ள எண்ணைப் பலரும் தேதி என்று நினைக்கிறார்கள். அது மாடலைக் குறிக்கும் எண்! கடைசி எழுத்து கழுத்தின் அகலம்.

கிதார் மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, டிஜிட்டல் கேமராவில் பூப்படம் போட்ட 'மேக்ரோ' வசதியில் படம் எடுத்து வரச் சொன்னேன். மொபைல் கேமராவும் போதும், ஆனால் ஃபிளாஷ் வேண்டாம். படத்தில் மை மங்கியிருந்தது. பெயின்ட் புரோகிராமில் திறந்து 'இன்வர்ட் கலர்' கொடுத்துப் பெரிதாக்கினேன். நவம்பர், 67 என்று பளிச்சென்று தெரிந்தது.

அப்படியானால் விற்பவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் பார்த்த எண் உண்மையானதுதான். கிதாரின் முன்பலகையைக் கழற்றினால் உள்ளே வால்யூம் கன்ட்ரோல்கள் இருக்கும். ரேடியோ மெக்கானிக்குகள் 'பாட்' என்பார்களே, அதே பொருள். அதன் முதுகில் ஆறு அல்லது ஏழு இலக்க எண் பதிந்திருக்கும். அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் தொழில் சங்கம் வகுத்த முறை இது. முதல் மூன்று இலக்கம் உதிரிபாகம் செய்த நிறுவனம்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். பிறகு ஆண்டு. கடைசி இரண்டு இலக்கம் வாரம். 3046620 என்றால் ஸ்டாக்போல், 1966, 20-ஆவது வாரம். அதாவது மே மாதம். ஐம்பதுகளில் ஆண்டுக்கு ஓர் இலக்கம்தான் போட்டார்கள். எனவே 304731 என்றால் 1957-ன் 31-ஆவது வாரம். பழைய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர்களிலும் இதே முறைதான். 220 என்று தொடங்கினால் ஜென்சன்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 1966-ல் ஃபெண்டர் இந்தப் பாட்களை மலைபோல் வாங்கிக் குவித்தது. அவற்றைத் தீர்க்கவே பல ஆண்டுகள் ஆயின. 1969 வரை வந்த கிதார்களிலும் 1966 எண் போட்ட பாட்களைப் பார்க்கலாம். பாட்டில் உள்ள தேதி, கிதார் 'அதற்கு முன் செய்யப்படவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். எப்போது செய்தார்கள் என்று சொல்லாது. அதுவும் பாட் மாற்றப்படாமல் இருந்தால்தான். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் பழையபடி மங்கலாக இருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கடைசித் தேதி எதுவோ அதைத்தான் நம்பலாம். இந்தக் கிதாருக்கு அது 1967 நவம்பர்.

இதை ஏன் கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதுகிறேன் என்கிறீர்களா? பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் இதே தவறைத்தான் செய்கிறார்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்து, மதர்போர்டில் உள்ள பெரிய சிப்களைப் பாருங்கள். பலவற்றில் நான்கு இலக்க எண் தனியாகத் தெரியும். 0538 என்றால் 2005-ன் 38-ஆவது வாரம். கிதார் பாட்டில் பார்த்த அதே கணக்கு! பல சிப்களிலும் பார்த்துக் கடைசித் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு அதற்குப் பிறகுதான் தயாராகியிருக்கும். விண்டோஸில் 'ரன்' பெட்டியைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனை வரவழைத்தால் பயாஸ் தேதி கிடைக்கும். ஆனால் பயாஸை யாராவது அப்டேட் செய்திருந்தால் பழைய போர்டும் புதிய தேதி காட்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு குழி இருக்கிறது. பல கம்பெனிகள் லேபிளில் தேதியை நேரடியாகவே அச்சிடுகின்றன. சீகேட்டின் பழைய டிஸ்க்குகளில் மட்டும் 06054 போன்ற எண் இருக்கும். 06 என்பது அவர்களின் நிதியாண்டு, 05 வாரம், 4 நாள். அந்த நிதியாண்டு ஜூலையையொட்டித் தொடங்குகிறது. எனவே 06054 என்றால் 2006 பிப்ரவரி அல்ல, 2005 ஆகஸ்ட் தொடக்கம். நானும் ஒருமுறை இப்படித் தவறாகப் படித்து, ஒரு டிஸ்க்கை ஆறு மாதம் இளமையாக நினைத்து வாங்கியிருக்கிறேன்.

நண்பர் மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போனார். அவரும் பொறுமையாகப் பார்த்தார். 1967 கிதாருக்கான விலைக்கே பேரம் முடிந்தது.