இரத்தம் கூறும் இரு சாட்சியங்கள்

மேகப்புண் என்று நம் முன்னோர் அஞ்சிய சிபிலிஸ் நோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் ஜான் மஹோனியும் அவர்தம் குழுவினரும் நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் அளித்து அதன் வன்மையை உலகுக்கு உணர்த்தினர். ஆயினும் நோய் நீங்கிய பின்னரும் ஓர் ஐயம் நீங்குவதில்லை. சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தாலும், 'பாசிட்டிவ்' என்றே சீட்டு வருவதுண்டு. அதைக் கண்டு குடும்பங்கள் கலங்குகின்றன. உண்மை யாது?

இந்நோயில் இரத்தத்தில் இருவகை எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. ஒன்று, கிருமியையே குறிவைப்பது, டி.பி.எச்.ஏ. போன்ற சோதனைகள் இதனைக் காட்டும். இது ஆறிய புண்ணின் வடுவைப் போன்றது. நோய் தீர்ந்த பின்னும் பெரும்பாலோரிடம் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். நோய் என்றோ வந்தது என்று கூறுமேயன்றி, இன்று உள்ளதா என்று கூறாது.

மற்றொன்று, சிதைந்த உயிரணுக்களின் கொழுப்புப் பொருளை எதிர்த்துத் தோன்றுவது. 1906-இல் ஜெர்மானிய அறிஞர் வாஸர்மன் வெளியிட்ட சோதனையின் வழிவந்த வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். சோதனைகள் இதனை அளக்கின்றன. இரத்த நீரைப் படிப்படியாக இருமடங்கு நீர்க்கச் செய்து, எதுவரை குறி தோன்றுகிறது என்று பார்ப்பர். 1:32 என்றிருந்த அளவு சிகிச்சைக்குப்பின் 1:8 ஆனால், நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததாகும். மருந்து பலித்தமைக்கு இதுவே சான்று. 1:4 என்றிருந்தது 1:16 ஆக ஏறினாலோ, நோய் மீண்டும் தொற்றியிருக்கலாம். அன்றி மருந்து பலிக்காதிருக்கலாம்.

சிலரிடம் 1:2, 1:4 என்ற சிறு அளவு சிகிச்சைக்குப் பின்னும் நெடுங்காலம் தங்கிவிடும். சிகிச்சை பெறாத பழைய நோயிலும் இதே அளவு காணக்கூடும். மலேரியா, தொழுநோய் ஆகியவற்றிலும் இச்சோதனை பொய்க்குறி காட்டுவதுண்டு. ஆதலின் இரு சோதனைகளையும் சிகிச்சை வரலாற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வர்.

உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராக மாறி வாழும் நம்மவர்க்கு இது மிகவும் முக்கியம். சிகிச்சை பெற்ற தேதி, மருந்தின் பெயர், அளவு, சோதனையின் பெயர், எண் இவை அடங்கிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அஃதில்லையேல் புதிய ஊரின் மருத்துவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஒப்பிடும்போது அதே வகைச் சோதனையையே செய்துகொள்ளல் நலம்.

கருவுற்ற தாய்மார் முதல் மாதங்களிலேயே இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். காலத்தே போடப்படும் பெனிசிலின் ஊசி தாயையும் கருவிலுள்ள சேயையும் காக்கும். சீட்டிலுள்ள ஒரு சொல்லை மட்டும் கண்டு எவரையும் ஒதுக்குதல் அறமன்று, அறிவுமன்று.