ஐம்பது தோட்டா, அரை நாள்

"மாப்ள, செல்போனை உள்ள கொண்டு வராத. அடுப்படியிலயே வெச்சுட்டு வா."

டெக்சாஸில் அத்தான் வீட்டு கராஜ் வாசலில் இதைக் கேட்டதும் ஒரு நொடி நின்றுவிட்டேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் கேட்டில், மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில், வாட்ச்மேன் இதே குரலில்தான் பேசுவார். பீடி, தீப்பெட்டி, பின்னாளில் செல்போன், எல்லாம் அவருடைய தகர டப்பாவில் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். அங்கே பயம் பொறி. இங்கே அத்தானின் பயம் கவனம் சிதறுவது. "மருந்து போடுறப்ப போன் அடிச்சா, எந்தக் கூட்டுல போட்டோம், எந்தக் கூட்டுல போடலைன்னு மறந்துரும்" என்றார்.

அத்தானுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். வேலை கணினியோடு. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்புவது. ரீலோடிங் என்கிறார்கள். நம் பக்கத்தில் மருந்தோடு புழங்குவது பிழைப்பு. அதை ஒருவர் ஆசைக்காகச் செய்கிறார் என்பதை என் மனம் ஏற்கவே சற்று நேரம் பிடித்தது.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் சின்னஞ்சிறு கேப், உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப் செத்துவிடும். கூடு மட்டும் கையில் மிஞ்சும். அந்தக் கூடுதான் நான்கிலும் விலை கூடியது. சூட்டிலும் அழுத்தத்திலும் லேசாக உப்பியிருக்கும் அதை இரும்பு அச்சுக்குள் கொடுத்து அமுக்கினால் பழைய அளவுக்கு வந்துவிடும். செத்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதிது வைத்து, மருந்து அளந்து, குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்றால்தான் தேவை. 1958-ல் ரிச்சர்ட் லீ என்பவர் கையடக்கமான ஒரு மலிவுக் கருவியைக் கொண்டுவந்த பிறகு பொழுதுபோக்காளர்கள் இன்னும் பெருகினார்கள். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவைத் தானே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பது இன்னொன்று.

எனக்குப் பிடித்துப்போனது கருவிகள் அல்ல, அத்தானின் முறை. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இரண்டாவது டப்பா அலமாரியைவிட்டு இறங்காது. எடை கிரெயின் கணக்கு. ஒரு கிராமுக்கு 15 கிரெயினுக்கு மேல் வரும். அவருடைய தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிறது, அதாவது 6.5 மில்லிகிராம். ஐம்பது குழி வெட்டிய மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்து போட்டு முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்து வரிசையாக ஐம்பது வாய்க்குள்ளும் அடித்துப் பார்த்தார். மட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்றில் தெரியாமல் இரட்டை மருந்து விழுந்திருந்தால் துப்பாக்கியே பிளந்து முகத்தில் அடிக்கும். ஒன்றில் மருந்தே விழாமல் போனாலும் கேடுதான். கேப்பின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி அங்கேயே சொருகிவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

முப்பத்தேழாவது கூட்டில் டார்ச் நின்றது. அவருக்கு ஏதோ சந்தேகம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அந்தக் கூட்டை எடுத்துத் தட்டில் கொட்டி, மறுபடி நிறுத்துப் போட்டார். சரியாகத்தான் இருந்தது. "சரியாத்தானே இருக்கு அத்தான்?" என்றேன். "சந்தேகம் வந்தா கொட்டிரணும் மாப்ள" என்றார். கடைசியில் மிச்சமிருந்த மருந்தை அளக்கும் குடுவையில் விடாமல் அதன் டப்பாவுக்கே திருப்பி, மூடி, அலமாரியில் வைத்து, நோட்டில் தேதியும் அளவும் எழுதினார். ஐம்பது தோட்டாவுக்கு அரை நாள்.

அந்த அரை நாளும் என் நினைப்பு ஊரிலேயே இருந்தது.

என் தாய்மாமா மருந்து கலக்கும் அறையில் முப்பது வருஷம் இருந்தவர். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆரம்பிக்கும் வேலை அது. வெயில் ஏறுவதற்குள் கலவை முடிந்தாக வேண்டும். விருதுநகர் மாவட்டத்து வெயில் எட்டு மணிக்கே தோலில் தெரியும். சின்ன அறை, தனித்து நிற்கும். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே போகும்போது உடம்பின் நிலைமின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். பருத்தித் துணிதான், நைலான் கூடாது. இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. சல்லடையில் கையால்தான் சலிப்பார். வேலை முடிந்து வெளியே வரும்போது அலுமினியப் பொடி படிந்து முகம், புருவம், முன்கை எல்லாம் வெள்ளி பூசியதுபோல இருக்கும். சின்ன வயதில் அவரைப் பார்த்து அம்மன் கோயில் வாகனம் என்று நினைத்திருக்கிறேன். கிணற்றடியில் குளித்த பிறகுதான் மாமாவாக மாறுவார்.

அத்தானின் கராஜில் இருந்த ஒழுங்குகளில் பலவும் நம் வெடிபொருள் விதிகளில் வரி வரியாக இருக்கின்றன. 1923-ல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிய பயணம், 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்த கையோடு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளாக விரிந்தது. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான் போகிறது. உரிமம் தரும் அலுவலகத்தைப் பொறுத்து டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். அறைக்கு இத்தனை பேர், ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்து, அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்று எல்லாமே எழுதித்தான் இருக்கிறது. மிச்ச மருந்தை ராத்திரி அறையில் வைக்காதே என்பதும் உண்டு. ஈரம் பட்டு நீர்த்துப்போன மருந்து தானாகவே சூடேறி, காலையில் கதவைத் திறந்தவனைக் கொல்லும்.

ஆனாலும் ஊர் வெடித்துக்கொண்டே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 உயிர்கள். அதில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த ஆலையின் அறைகள் உள்குத்தகைக்குப் பிரித்து விடப்பட்டிருந்தன என்ற பேச்சு அப்போதே எழுந்தது. ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் செய்தித்தாளில் ஒரே சொல்தான்: உராய்வு. உராய்வு எப்படி வந்தது என்று அடுத்த வரி எழுதுவதில்லை.

மாமா சொல்வார், உராய்வு அவசரத்துக்குப் பிறந்த பிள்ளை என்று. ஆடிப்பெருக்குக்குக் கடைகளில் பூஜை போட்டு விற்பனை தொடங்கினால், அதன் பிறகு தீபாவளி வரைக்கும் ஆலைகளில் மூச்சு விட நேரமிருக்காது. குழாய் சுருட்டுவதிலிருந்து மருந்து செலுத்துவது வரைக்கும் பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை செய்தாயோ அத்தனைக்குக் காசு. உள்குத்தகை எடுத்தவனுக்கு வாடகை ஓடுகிறது, கலந்த மருந்து வெயிலுக்கு முன்னால் தீர வேண்டும், அறைக்குள் இடம் போதாமல் வேப்ப மரத்தடியிலும் உட்காருகிறார்கள். இதற்கு நடுவே முப்பத்தேழாவது குழாயில் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் அவள் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவாளா? தொடங்கினால் அந்த வாரக் கூலியில் எவ்வளவு குறையும் என்பது அவளுக்கு விரல் நுனியில் தெரியும்.

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்குள் பட்டாசுக்கான கருந்திரி செய்ததாகக் கைது என்று அடிக்கடி செய்தி வரும். அதைப் படித்துவிட்டு, பேராசை என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளுக்குள் போயிருக்கிறேன். சமையல் அடுப்புக்கும் திரிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான். பேராசைக்காரன் வீடு அப்படி இருக்காது.

அத்தானின் பொழுதுபோக்கைப் பற்றி ஊரில் சொன்னபோது அக்கா மகன் கண்கள் விரியக் கேட்டான்: "நம்ம ஊர்லதான் மருந்து கொட்டிக் கிடக்கே மாமா, நாமளே தோட்டா போட முடியாதா?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், இந்தக் கேள்வி அவனுக்கு மட்டும் வந்திருக்காது. முதலாவது, பட்டாசு மருந்தும் தோட்டா மருந்தும் ஒன்றல்ல. தோட்டா மருந்து குழலுக்குள் படிப்படியாக எரிந்து குண்டைத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது. பட்டாசு மருந்து ஒரே நொடியில் பொங்கிச் சத்தம் எழுப்புவதற்கு. அதைத் துப்பாக்கியில் போட்டால் குண்டு வெளியே போகாது, குழல்தான் சிதறும். இரண்டாவது, 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

தோட்டா மருந்து தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. குன்னூர் அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்த கார்டைட் ஆலை, புகையில்லா மருந்தைத் தயாரித்தே பேர் வாங்கியது. வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் கையில் புழங்கிய 12 போர் தோட்டாக்களோ புனே அருகே கட்கியிலிருந்து வந்தவை. இவை இரண்டுக்கும் முன்பே, நாட்டுத் துப்பாக்கியின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, நார் அடைத்து, பரல் போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டித்தவர்கள் நரிக்குறவர்கள். கையால் மருந்து அளந்து சுட்ட மரபு என்று நம்மிடம் ஒன்று உண்டென்றால் அது அவர்களுடையது.

அக்கா மகனுக்கு நான் காட்டிய வழி வேறு. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் மருந்தே கிடையாது, காற்றழுத்தம்தான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, அரை மில்லிமீட்டர் மையப்புள்ளி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைக்குப் போனது இந்தத் துப்பாக்கியோடுதான். அதைத் தாண்டி ஆசை இருந்தால் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் இருக்கிறார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர், அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார். தகுதிச் சுற்றில் பறக்கும் தட்டுகள் 125, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை அனுமதி, தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம். உள்ளே எவ்வளவு மருந்து என்ற கவலை சுடுகிறவருக்கு இல்லை, அதை ஆலை பார்த்துக்கொண்டுவிட்டது. பையன் இப்போது மதுரைக்குப் போய்ப் பழகுவதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்திருக்கிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் எண்ணிக்கைக் கூலி இருக்கக் கூடாது. நாள் சம்பளம், அதுவும் மெதுவாகச் செய்வதற்கான சம்பளம். சுருட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் எண்ணிக்கை இருந்துவிட்டுப் போகட்டும், காகிதம் யாரையும் கொல்லாது. பட்டாசு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். ஒரு பெட்டி மத்தாப்புக்கு நாம் கூடுதலாகத் தரும் சில ரூபாய், அந்த அறைக்குள் இருப்பவர் சந்தேகம் வந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதற்கான கூலி.

டெக்சாஸிலிருந்தே அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, டார்ச், ஐம்பது குழிப் பலகை. பொறுமையாகக் கேட்டார்.

"அவருக்கு யாரு மருமகனே கூலி குடுக்குறா?"

"கூலியெல்லாம் கிடையாது மாமா. சும்மா ஆசைக்கு."

"அப்ப அவசரம் இருக்காது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "மிச்ச மருந்த என்ன செய்றாரு?"

"டப்பாவுக்கே திருப்பிட்டு மூடிடுறாரு மாமா."

"அத ஒருநாளும் மறக்க வேணாம்னு சொல்லு" என்றார்.