கான்டியோன் பியர் ஆலை

கான்டியோன் பியர் ஆலை என்பது பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில், ஆண்டர்லெக்ட் பகுதியில் அமைந்துள்ள குடும்ப நிறுவனமாகும். இது லாம்பிக் எனப்படும் மரபுவழிப் புளிப்பு பியரைத் தயாரிக்கிறது. 1900 ஆம் ஆண்டு பால் கான்டியோன் இதனைத் தொடங்கினார். தற்போது அவரது வழிவந்த வான் ரோய் குடும்பத்தினர் நடத்துகின்றனர். 1978 முதல் இது அருங்காட்சியகமாகவும் செயல்படுகிறது.

தயாரிப்பு முறை

முளைகட்டிய பார்லி, முளைகட்டாத கோதுமை ஆகியவற்றிலிருந்து எடுத்த சாறு, நாள்பட்ட ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைக்கப்படுகிறது. பின்னர் கூரைக்கு அடியில் உள்ள அகன்ற, ஆழமற்ற செப்புத் தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடப்படுகிறது. இதில் ஈஸ்ட் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களுமே சாற்றை நொதிக்கச் செய்து புளிப்பாக்குகின்றன.

வகைகள்

ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்த லாம்பிக்குகளைக் கலந்து, புட்டியில் மீண்டும் நொதிக்கவைப்பது கூஸ் எனப்படும். லாம்பிக்கில் புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்துப் பெறுவது கிரீக் ஆகும். ராஸ்பெரி, திராட்சை சேர்த்த வகைகளும் உண்டு.

காலநிலையின் தாக்கம்

இரவு குளிராக இல்லாவிட்டால் சாறு உரிய வேகத்தில் ஆறாது. வேண்டாத நுண்ணுயிரிகள் பெருகிவிடும். எனவே குளிர்கால மாதங்களில் மட்டுமே பியர் காய்ச்சப்படுகிறது. 2015 நவம்பரில் இரவுகள் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்ததால் தயாரிப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. புவி வெப்பமடைவதால் காய்ச்சுவதற்கு ஏற்ற நாட்கள் குறைந்து வருவது இம்மரபுத் தொழில் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலாகும்.