பறக்கும் ரயிலில் போவது எப்படி?

ஆயாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் சென்னை மயிலாப்பூர் போனோம். சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருந்த பார்க் ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். தாம்பரம் வண்டியில் ஏறப் போகும்போது ஒரு பூக்கார அம்மா, "இது மயிலாப்பூர் போவாதும்மா, பார்க் டவுன் போங்க"ன்னு சொன்னாங்க. இல்லாவிட்டால் அன்றைக்கு டாக்டரைப் பார்த்திருக்க முடியாது. நீங்களும் இப்படி அலையாமல் இருக்க:

1. பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகிறது. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடியது. 2007இல் வேளச்சேரியைத் தொட்டது.

2. சென்ட்ரலில் இறங்கினால் 'பார்க் டவுன்' ஸ்டேஷன்தான். 'பார்க்' வேறு! பார்க் டவுன் வரை தரையில் ஓடும் வண்டி, அதன் பிறகு பாலத்தில் ஏறிவிடும்.

3. மயிலாப்பூர் என்று பலகையைத் தேடாதீர்கள். 'திருமயிலை' என்றுதான் இருக்கும்.

4. மேலே உள்ள ஸ்டேஷன்களில் டிக்கெட் கீழே, பிளாட்பாரம் மேலே. வயதானவர்களோடு போனால் சீக்கிரம் கிளம்புங்கள். படியில் ஆயா நாலு தடவை உட்கார்ந்துட்டாங்க.

5. பாதை பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

கட்டுப் பிரித்துத் திரும்பும்போது ஆயாவும் அங்கேதான் உட்கார்ந்தாங்க. "கால்வாய் தெரியுதுடி!" என்றாங்க.

– 8ஆம் வகுப்பு மாணவி